நாலாவது ஆள்

போன வாரம் ஒரு குடையின் நிறத்துக்காக ஆபீஸில் மல்லுக்கட்டிவிட்டு வந்து படுத்தாளே நம் கத்திரி, அவளுக்கு இன்று காலை எழுந்திருக்கவே மனசில்லை. ஆனாலும் எழுந்துதான் ஆகவேண்டும். யார் வீட்டுக் காலைதான் மனசைக் கேட்டுக்கொண்டு விடிகிறது?

இந்த வாரம்தான் புதிதாக வாசிக்க உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஆபீஸ் வைத்தது. செல்போன் செயலிகள் செய்கிற கம்பெனியில் அவள் டிசைனர். எந்தப் பட்டன் எங்கே இருக்கவேண்டும், அதன்மேல் என்ன எழுதவேண்டும், அழுத்தினால் அடுத்து என்ன வரவேண்டும், எல்லாம் அவள் குழுவின் பொறுப்பு. யார் எதை வரைந்துகொண்டு வந்தாலும், "இது எதுக்கு? எடுத்துடலாமே" என்பாள். பத்து வார்த்தையை நாலாக வெட்டுவாள். நாலையும் விடமாட்டாள். அதனால்தான் கத்திரி.

மாமனாருக்கு இந்த உத்தியோகமே பிடிபடவில்லை. "கட்டம் போடறதுக்கு சம்பளமா? எங்க காலத்துல கட்டம் போட்டா பாண்டி ஆடறான்னு அடிச்சாங்க" என்பார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்றைக்கும் வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்றுதான் அவர் வாயில் வரும்.

இன்று காலையும் மனிதர் சோஃபாவில் உட்கார்ந்து, வெளியே போகிறவர்களை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். மகன், அதாவது கத்திரியின் கணவன், சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்து, பையைத் தோளில் மாட்டினான். இயந்திர உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் வாசல் தாண்டமாட்டான்.

"என்னடா, பை இப்படி வீங்கிக் கிடக்கு? ஆபீஸையே மடிச்சு உள்ள வச்சிருக்கியா?"

"பழைய ஃபைலுப்பா."

"லக்கேஜுக்குத் தனி டிக்கெட் ஆகும், பார்த்துக்கோ."

மகன் சிரிக்கவில்லை. கத்திரி ஒரு கையால் தலையை வாரிக்கொண்டு, மறு கையால் போனில் ஏதோ திருத்திக்கொண்டே வந்தாள்.

"வர லேட்டாகுமா?" என்றாள்.

"ஆகலாம். உனக்கு?"

"ஆகலாம்."

அவ்வளவுதான், அன்றைய குடும்பப் பேச்சு முடிந்தது. கல்யாணமான புதிதில் இதே இரண்டு பேர் பேசிப் பேசியே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டவர்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இப்போதெல்லாம் வீட்டிலும் அவள் கத்திரியாகிவிட்டாள். கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் களைப்பு என்கிற ஒரே காரணத்தைச் சொல்லி வெட்டிவிட்டாள்.

*

இன்று அவர்கள் குழுவுக்குச் சோதனை நாள். செய்துகொண்டிருக்கிற செயலியை முன்பின் தெரியாத ஆட்களின் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். அதற்காகக் கடைத்தெருவில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எந்தக் கம்பெனி என்று வருகிறவர்களுக்குச் சொல்வதில்லை, வாசலில் பலகையும் கிடையாது. ஆட்களைப் பிடித்து அனுப்புவது ஓர் ஏஜென்சி. அவர்களும் பெயரைச் சொல்லமாட்டார்கள், ஆளுக்கு ஒரு நம்பர்தான்.

முதல் அறையில் வந்தவரும் கேள்விக்காரியும் இருப்பார்கள். கேள்விக்காரி என்றால் சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், சாதுவான பெண். கேட்பதே அவள் வேலை. இரண்டாவது அறையில் குழுவினர் டி.வி. திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்தவர் வாயிலிருந்து என்ன வந்தாலும், வந்தது வந்தபடியே மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். நாம் சீராட்டி வளர்த்த பட்டனைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தாலும் மூச்சு விடக்கூடாது.

இன்னொரு சட்டமும் உண்டு. வந்தவர் தெரிந்த ஆளாக இருந்தால் உடனே எழுந்து சொல்லிவிட வேண்டும். சோதனையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

சோதனைக்கு வந்த செயலிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'வட்டம்'. ஒரு குடும்பத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும். மகள் பஸ்ஸில் வருகிறாளா, அப்பா கடையில் இருக்கிறாரா, யாருக்கும் போன் பண்ணிக் கேட்கவேண்டாம். அதுதான் விளம்பரமே.

காலையிலிருந்து மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். மூவருமே ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். கத்திரிக்குக் கண் எரிந்தது. மூன்றாவது டீயும் வேலை செய்யவில்லை.

"நாலாவது ஆள் வந்தாச்சு" என்றார் பக்கத்தில் இருந்த குழுத்தலைவர். நல்ல மனிதர்தான், உற்சாகம்தான் கொஞ்சம் ஓவர். அவருடைய உற்சாகத்துக்கு வேலை செய்து செய்தே பாதிக் குழு ஓய்ந்திருந்தது.

திரையில் முகம் தெரியாது. கேமரா மேலிருந்து கீழே பார்க்கும், போனும் இரண்டு கைகளும் மட்டுமே தெரியும். கேள்விக்காரி வழக்கமான பாட்டைப் பாடினாள்.

"நாங்க உங்களைச் சோதிக்கல, இந்த ஆப்பைத்தான் சோதிக்கிறோம். இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது. மனசுல என்ன தோணுதோ, அதை அப்படியே சத்தமா சொல்லுங்க."

கத்திரி எழுதிக்கொடுத்த வரிகள். அரைப் பக்கம் இருந்ததை வெட்டி வெட்டி இவ்வளவாக ஆக்கியிருந்தாள்.

"பக்கத்து ரூம்ல எங்க டீம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பரவாயில்லையா சார்?"

"பரவாயில்லைங்க. தெரியாதவங்கதானே?"

குரலைக் கேட்டதும் கத்திரி நிமிர்ந்தாள். திரையில் ஒரு கை போனை எடுத்தது. கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு. மருந்து தடவிவிட்டது இவள்தான்.

எழுந்து சொல்லியிருக்க வேண்டும். பாதி எழுந்தாள் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் அதற்குள் கணவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"இந்த நீலப் புள்ளி நான். சரி. இந்தப் பச்சை... மனைவின்னு போட்டிருக்கு. அப்போ அவளுக்கும் என் புள்ளி தெரியுமா? ஐயையோ!"

"ஐயையோன்னீங்களே, என்ன தோணுச்சு?"

"இல்லைங்க... இது வீட்டுக்கு வந்தா என் குட்டு உடைஞ்சிடும்." சிரித்தான். கேள்விக்காரி சிரிக்கவில்லை, அடுத்த கேள்விக்கும் போகவில்லை. சும்மா இருந்தாள். சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த நிசப்தத்தைத் தாங்கமுடியாமல்தான் எல்லாரும் உண்மையைக் கக்குவார்கள்.

"எனக்கு வேலை போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. எங்க பிரிவையே மூடிட்டாங்க. வீட்டுல சொல்லல. தினமும் இதே மாதிரி சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பிடறேன்."

"கிளம்பி?"

"லைப்ரரி திறக்கிற வரைக்கும் நடப்பேன். அப்புறம் லைப்ரரி. அங்க ஏ.சி. இருக்கு, யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க. சில நாள் இன்டர்வியூ. இப்போ இந்த மாதிரி ஏதாவது."

கத்திரி அப்படியே உட்கார்ந்தாள்.

முதலில் வந்தது கோபம்தான். அடப்பாவி, ரெண்டு மாசம்! தினமும் ஒரு சட்டையை இஸ்திரி போட்டு, என் கண் முன்னாலேயே ஏமாற்றியிருக்கிறாயே! என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, எவளோ ஒருத்தி இரண்டு நிமிஷம் சும்மா இருந்தால் கொட்டிவிடுவாயா? இப்போதே போய்ச் சட்டையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது.

"வீட்டுல சொல்றதுல என்ன கஷ்டம்னு சொல்ல முடியுமா?" என்றாள் கேள்விக்காரி.

"சொல்ல வாயெடுப்பேங்க. அவ வரும்போதே செத்துச் சுண்ணாம்பா வருவா. செருப்பைக் கழட்டறப்பவே பாதி தூங்கியிருப்பா. அவ தலையில இதையும் எப்படி இறக்கறது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன். மறுநாள் பார்த்தா இன்னும் பெரிசாயிருக்கும்." கைகள் போனை மேஜைமேல் வைத்தன. "கேட்டா சொல்லிடுவேன். அவ கேக்கறதில்ல. அவளைக் குத்தம் சொல்லலைங்க, அவளுக்கு எங்க நேரம்?"

கோபம் வந்த வழியே போய்விட்டது. போனது வெறும் கையோடு போகாமல், இவள் தெம்பையும் எடுத்துக்கொண்டு போனது. இப்போது எழுந்து சொன்னால் கேள்விக்காரி அவனிடம் போய், 'சார், உங்க மனைவி பக்கத்து ரூம்ல இருக்காங்க' என்று சொல்லவேண்டியிருக்கும். நாலு பேர் முன்னால் அவனுக்கு அந்த அவமானம் வேண்டாம். கத்திரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல ஒரு பட்டன் வச்சுக் குடுங்களேன்" என்று கடைசியில் கணவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "நான் எங்க சுத்தினாலும் ஆபீஸ்ல இருக்கற மாதிரி காட்டணும். என்னை மாதிரி ஆளுங்க உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க."

"தங்கம்யா இந்த ஆளு!" என்று குழுத்தலைவர் தொடையில் தட்டிக்கொண்டார். வேகவேகமாகச் சீட்டுகள் எழுதினார். 'குட்டு உடைஞ்சிடும்.' 'அவ கேக்கறதில்ல.' 'ஆபீஸ்ல இருக்கற மாதிரி காட்டணும்.' ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டினார். "கத்திரி, இந்தப் பட்டனுக்கு ஒரு திரை வரைஞ்சுடு. நாளைக்குப் பார்ப்போம்."

தன் குடும்பம் சுவரில் மஞ்சள் மஞ்சளாக ஏறுவதைப் பார்த்தபடி அவள் தலையாட்டினாள்.

*

சோதனை முடிந்ததும் கேள்விக்காரியைக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நாலாவது ஆளை எடுத்துடு. செல்லாது."

"ஏன்? இன்னிக்கு வந்ததுலயே நல்லாப் பேசினது அவர்தான்."

"என் வீட்டுக்காரர்."

கேள்விக்காரி கைகழுவிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். "எப்படி? வீட்டுல யாராவது இந்தத் துறையில இருக்காங்களான்னு ஏஜென்சி விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருக்குமே. அதுலயே வடிகட்டியிருப்பாங்களே."

"இருந்துச்சு. பாதியிலயே விட்டுட்டுப் போறாங்க, நீளமா இருக்குன்னு நான்தான் வெட்டினேன்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "என் வாயில மண்ணை நானே அள்ளிப் போட்டுக்கிட்டேன்டி."

கேள்விக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சீட்டையெல்லாம் நான் எடுத்துடறேன். ரெக்கார்டிங்கையும் அழிச்சிடறேன். தலைவர்கிட்ட ஆள் செல்லாதுன்னு மட்டும் சொல்லிக்கறேன், காரணம் வேண்டாம்" என்றாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள். "அக்கா, இன்னொண்ணு. சொல்லலாமா தெரியல."

"சொல்லு."

"எல்லாரும் முக்கியமானதைக் கதவுகிட்ட போனப்புறம்தான் கேப்பாங்க, உங்களுக்கே தெரியும். அவரும் நாம வர்றவங்களுக்குக் குடுக்கற குடையை வாங்கிக்கிட்டு, கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். இந்த வட்டத்துல இருந்து ஒருத்தர் வெளிய போயிட்டா, மத்தவங்களுக்குத் தகவல் போகுமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"போகாதுன்னேன். அதைத்தான் நீங்க போன மாசம் எடுத்தீங்களே."

*

கத்திரி வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் முன்பே வந்திருந்தான். வீங்கிய பை செருப்பு அலமாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பூட்டுகூடப் போட்டிருந்தது. உள்ளறையில் மாமனார் டி.வி.யை அலறவிட்டிருந்தார்.

"இந்தா, உனக்குத்தான்" என்று கணவன் ஒரு குடையை நீட்டினான். கடுகு மஞ்சள் நிறம். "ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்க."

போன வாரம் அவள் மல்லுக்கட்டிய அதே குடை. கறுப்பு போதும் என்று எல்லாரும் சொன்னபோது, 'கறுப்புக் குடையைத்தான் பஸ்ல மறந்துட்டுப் போவாங்க, எங்க மாமனார் முப்பது வருஷமா பொறுக்கியிருக்கார்' என்று வாதாடி வாங்கிய மஞ்சள். வாங்கிக்கொண்டாள். அதைப் பிரிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு." சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்தாள். "நீங்களும் உட்காருங்க."

"சாப்பிடலையா?"

"அப்புறம். இன்னிக்கு ஆபீஸ் எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ! அவன் தடுமாறினான். "எப்பவும் போலத்தான். கொஞ்சம் அலைச்சல்."

அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. சும்மா இருந்து பார்த்தாள். கேள்விக்காரிக்கு வருகிற வித்தை இவளுக்கு வரவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த வழியில் சொன்னாள்.

"இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது. மனசுல என்ன தோணுதோ, அதை அப்படியே சத்தமா சொல்லுங்க."

தண்ணீர் டம்ளரை எடுத்த கை அப்படியே நின்றது.

"இது... இதை..."

"நான் எழுதினதுதான்."

"நீ அங்கயா இருந்தே?"

"பக்கத்து ரூம்ல."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"எல்லாத்தையும்."

அவன் டம்ளரை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. ஆண்பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டிடு. ரெண்டு திட்டு திட்டிடு" என்றான் கைக்குள்ளிருந்து.

"திட்டறதுக்குத் தெம்பு வேணும்ங்க. இன்னிக்கு இல்ல." அவள் குரல் உடைந்தது. "கேட்டா சொல்லிடுவேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்கல்ல? இப்போ கேட்டுட்டேன். லேட்டுதான். ஆனாலும் கேட்டுட்டேன்."

அவன் தலையை மட்டும் அசைத்தான். உள்ளே டி.வி.யில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"கதவுகிட்ட நின்னு ஒண்ணு கேட்டீங்களாமே."

"அதுவா... சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவங்க கதவுகிட்ட நின்னு கேக்கமாட்டாங்க. நான் பார்த்திருக்கேன்." அவள் மணிக்கட்டை விடவில்லை. "வட்டத்துல இருந்து யாராவது போனா எல்லாருக்கும் தகவல் போகற மாதிரிதான் முதல்ல வச்சிருந்தோம். ஒருத்தர் போறதை எதுக்குத் தம்பட்டம் அடிக்கணும்னு நான்தான் வெட்டினேன். அது தப்புங்க. நாளைக்குப் போனதும் முதல் வேலையா அதைத் திரும்ப வைக்கப்போறேன். யாரும் சொல்லாம போகமுடியாது."

"நாளைக்கா?"

"ஆமா. ஏன்?"

அவன் செருப்பு அலமாரிப் பக்கம் இருந்த பையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். காலையில் அதற்குள் பழைய ஃபைல் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய ஃபைலுக்கு எதற்குப் பூட்டு?

"விடியற்காலை முதல் வண்டிக்கு நான் டிக்கெட் எடுத்துட்டேன்" என்றான்.

உள்ளறையில் டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. எத்தனை கூச்சலிலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் மாமனார் காதுக்குத் தப்பாது.

"டிக்கெட்டா?" என்றபடி கதவருகே வந்து நின்றார். "யாருக்குடா?"